அறுபது மீட்டர் உயரத்தில் இரண்டாவது மாத்திரை

நான் இருபத்திரண்டு வருடம் கோபுரக் கிரேன் ஓட்டியவன். கட்டடம் எழும்புகிற இடத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, நீண்ட கையால் கம்பியும் செங்கல்லும் தூக்கிக் கொடுக்குமே, அதுதான் கோபுரக் கிரேன். அதன் கழுத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். கூண்டுக்குள் ஒரு நாற்காலி இருக்கும். நான் சொல்லப்போவது அந்த நாற்காலி என் கையை விட்டுப் போகப் பார்த்த கதை.

நான் ஓட்டியவற்றிலேயே உயரமான கிரேன் அறுபது மீட்டர் என்று காகிதத்தில் எழுதியிருந்தார்கள். எழுதியவர் மேலே வந்து பார்த்ததில்லை. அங்கே மழை முதலில் எனக்குத்தான் பெய்யும். உடனே வீட்டுக்குப் போன் போட்டு, "துணியை எடுத்துடு, இப்பதான் என்னைத் தாண்டிக் கீழ வருது" என்று சொல்வேன். என் மனைவி அடுப்பை அணைத்து, கையைத் துடைத்து, கொடியில் இருப்பதையெல்லாம் எடுத்து மடித்தும் வைத்துவிடுவாள். அதன் பிறகுதான் எங்கள் தெருவில் முதல் துளி விழும். ஒரு முறை மேகம் ஒன்று கூண்டுக்குள் வந்துவிட்டது. வெளியே போக வழி தெரியாமல் மதியம் வரை என் மடியிலேயே உட்கார்ந்திருந்தது. அன்று போட்டிருந்த சட்டை இன்னும் சரியாகக் காயவில்லை.

சைட்டில் எல்லோரும் என்னை மாடிவீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்துக் கிரேனை ஓட்டியவருக்கு எதிர்வீட்டுக்காரர் என்று பெயர். இரண்டு பேரும் ஆகாயத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, காலையில் ஒரு கை, மாலையில் ஒரு கை ஆட்டிக்கொள்வோம். ஆறு வருடப் பழக்கத்தில் தரையில் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. சண்டையெல்லாம் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தரையில் இருந்தது கிடையாது.

எனக்குச் சர்க்கரை வந்தது ஐம்பத்திரண்டாம் வயதில். பெரிய வெள்ளை மாத்திரை ஒன்றில் இரண்டு வருடம் ஓடியது. பிறகு அது மட்டும் போதவில்லை என்று டாக்டர் சின்னதாகப் பச்சை மாத்திரை ஒன்றைக் கூடச் சேர்த்தார். எழுதுவதற்கு முன்னால், "என்ன வேலை பாக்கறீங்க" என்று கேட்டார்.

உயரத்தில் வேலை என்று சொன்னால் நாற்காலி போய்விடும் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"உக்காந்து பாக்கற வேலைங்க. ஜன்னலோரமா."

"நல்லதாப் போச்சு" என்று டாக்டர் எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னார். "இது பெரிய மாத்திரை மாதிரி சாது கிடையாது. நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு பாக்காது, அது பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கிட்டே இருக்கும். தினம் ஒண்ணே ஒண்ணு, காலைச் சாப்பாட்டோட முதல் வாய்க்குப் போடுங்க. சாப்பாடு இல்லைன்னா மாத்திரையும் இல்லை. போட்டோமா போடலையான்னு சந்தேகம் வந்தா, போடாதீங்க. ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆகாது, ரெண்டாப் போட்டா ஆகும். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண்மண் தெரியாமப் பசிச்சா உடனே குளுக்கோஸ் சாப்பிடணும். ஒரு பாக்கெட் எப்பவும் கையில வச்சுக்கங்க."

அன்றைக்கே பாக்கெட் வாங்கிக் கூண்டில் வைத்தேன். ஐந்தாம் நாள் அதைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டேன். எதுவும் ஆகவில்லை. பாக்கெட் சும்மா கிடந்தது, ருசியாகவும் இருந்தது.

முதல் வாரத்தில் மூன்று நாள் மாத்திரையை மறந்தேன். மேலே போனால் எனக்குக் கீழே உள்ள எதுவும் ஞாபகம் வராது. என் மனைவி யோசித்துவிட்டுத் தன் தம்பியைக் கூப்பிட்டாள். அவன்தான் என் சிக்னல்காரன். கிரேன் ஓட்டுகிறவனுக்குப் பாதி நேரம் கொக்கி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கீழே நின்று வாக்கி-டாக்கியில் ஒருவர் மேலே, கீழே, இடது, வலது என்று சொல்லச் சொல்லக் கை அசையும். அவர் சொன்னதை ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் தொங்குகிற பொருள் யார் தலையையாவது தட்டிவிடும். இருபத்திரண்டு வருடத்தில் என் கை சிக்னல்காரர் வார்த்தையை நேராகக் கேட்டுக்கொள்ளப் பழகிவிட்டது. காதுக்கும் கைக்கும் நடுவில் தலை என்று ஒன்று இருப்பதையே அது மறந்துவிட்டது.

"அவருக்கு நான் சொன்னா ஏறாது. நீ சொன்னா மறுபேச்சு இல்லாமச் செய்வாரு. மாத்திரையையும் நீயே சொல்லிடு" என்றாள் என் மனைவி.

அடுத்த நாளிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு, நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும், வாக்கி-டாக்கியில் மச்சான் குரல் வரும்.

"மாமா, மாத்திரை எடுங்க. மேல. இன்னும் மேல. வாய்க்கு நேரா. நிறுத்துங்க. இறக்குங்க."

"இறக்கியாச்சு."

சைட்டில் அத்தனை பேரும் ஒரே அலைவரிசைதான். முந்நூறு பேர் வேலையை நிறுத்திவிட்டு இதைக் கேட்பார்கள். கம்பி கட்டுகிறவர்கள் என் மாத்திரையை வைத்துத்தான் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள். நான்கு மாதம் ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

ஐந்தாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மச்சானுக்குக் கடைவாய்ப் பல் வீங்கிவிட்டது. எட்டு மணிக்கு என்னை மாத்திரை போட வைத்தான், பத்து மணிக்குப் பல் பிடுங்கப் போய்விட்டான். அவன் இடத்துக்கு வந்தவரை நாங்கள் நோட்டுக்காரர் என்போம். எந்தெந்தப் பொருளைத் தூக்க வேண்டும் என்று அன்றாடம் ஒரு நோட்டில் எழுதியிருக்கும். முடிந்ததற்கு நேரே டிக் அடிக்க வேண்டும். டிக் இல்லையென்றால் நடக்கவில்லை என்பது அவர் கட்சி. அவர் கல்யாணத்தையே, பதிவுக் காகிதம் கைக்கு வந்த பிறகுதான் அவர் ஒப்புக்கொண்டார். அதுவரை அந்த அம்மாளை வாங்க போங்க என்றுதான் கூப்பிட்டார்.

மச்சான் அந்த நோட்டின் தலைப்பில் தினமும் 'எட்டு மணி, மாத்திரை' என்று எழுதி வைப்பான். அது தூக்குகிற பொருள் இல்லையே என்று டிக் அடிக்க மாட்டான்.

பத்தேகாலுக்கு நோட்டுக்காரர் குரல் வந்தது.

"மாடிவீட்டுக்காரரே, பாக்கி ஒண்ணு நிக்குது. மாத்திரை."

"போட்ட மாதிரி இருக்கே."

"மாதிரியெல்லாம் நோட்டுல இல்ல. டிக் இல்ல."

நான் யோசித்துப் பார்த்தேன். காலையில் போட்டது ஞாபகம் இருந்தது. அது இன்றைய காலையா நேற்றைய காலையா என்பதுதான் ஞாபகம் இல்லை. மேலே எல்லாக் காலையும் ஒரே மாதிரிதான். சந்தேகம் வந்தால் போடாதே என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வரத்தான் பார்த்தது. அதற்குள் நோட்டுக்காரர், "எடுங்க. மேல. வாய்க்கு நேரா. இறக்குங்க" என்றார்.

கை இறக்கிவிட்டது.

"டிக்" என்றார் அவர். ஒரு மனிதர் அவ்வளவு நிம்மதியாகப் பேசி நான் கேட்டதில்லை.

பதினொன்றரை மணிக்குக் கழிப்பறைக் கோப்பைகள் வந்தன. பத்தொன்பதாம் மாடிக்குப் போக வேண்டியவை, ஒரு பலகையில் அடுக்கிக் கட்டிய இருபத்து நான்கு வெள்ளைக் கோப்பைகள். தூக்கினேன். பாதி வழியில் பார்த்தால் நாற்பத்தெட்டு தொங்கியது. கம்பெனிக்கு லாபம் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் கிரேன் ஆடுவது போல இருந்தது. ஆடியது நான்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மேகம் எதுவும் உள்ளே வந்திருக்கவில்லை.

அப்போது மேனேஜர் வாக்கி-டாக்கியில் வந்தார். கீழே வெள்ளை ஹெல்மெட்டோடு நின்றுகொண்டு, "என்னப்பா மேல தூங்கறியா, சீக்கிரம்" என்றார். தினமும் சொல்வதுதான். நான் தினமும் "சரிங்க" என்று சொல்வேன். கொக்கிக்கே தயவுசெய்து போட்டுப் பேசுகிறவன் நான்.

அன்று நான் என்ன சொன்னேன் என்பதை எனக்கு மற்றவர்கள் பிறகு சொன்னார்கள். முந்நூறு பேர் சாட்சி, ஒருவர் விட்டதை ஒருவர் எடுத்துக் கொடுத்தார்கள்.

"மேனேஜர், உங்க ஹெல்மெட்டுக்குள்ள ஒண்ணும் இல்லைன்னு அறுபது மீட்டர் மேல இருந்தே தெரியுது. பத்தாம் மாடியில ஒரு குடிதண்ணிக் குழாய் கேட்டு ஆறு மாசமாச்சு. முந்நூறு பேர் தண்ணிக்கு பத்து மாடி இறங்கறான். நீங்க மட்டும் குளிர் ரூம்ல உக்காந்து சீக்கிரம், சீக்கிரம். வாங்க, மேல வாங்க, உங்களையும் இந்தக் கோப்பையோட சேத்துப் பத்தொன்பதாம் மாடியில வச்சுடறேன். வச்சுடறேன். வச்சுடறேன்."

சைட்டில் கைதட்டல். கம்பி கட்டுகிறவர்கள் கம்பியால் கம்பியைத் தட்டினார்களாம். ஒருவர், "அண்ணே, கேண்டீனையும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று அலைவரிசையில் விண்ணப்பம் போட்டார். இருபத்திரண்டு வருடம் வாய் திறக்காத மனிதர் கடைசியில் திறந்துவிட்டார் என்று அத்தனை பேருக்கும் சந்தோஷம். என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் பேசிக்கொண்டே மேனேஜர் தலைக்கு மேலே கோப்பைகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒருவரும் கவனிக்கவில்லை, மேனேஜர் உட்பட.

கவனித்தது ஒரே ஆள், முதலுதவி அறை நர்ஸம்மா. அடிபட்டவர் யாராவது இருந்தால் தெரிய வேண்டுமே என்று அவர் மேஜையிலும் ஒரு வாக்கி-டாக்கி நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும். வச்சுடறேன், வச்சுடறேன் என்று குரல் குழறியதும் கையில் இருந்த பஞ்சைக் கீழே வைத்தாராம். எட்டு மணிக்கு ஒரு "இறக்கியாச்சு" கேட்டோம், பிறகு யாருக்கோ கட்டுப் போடும்போது இன்னொரு "இறக்குங்க" கேட்டோமே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கிரேன் வேலையில் மேலே, கீழே என்று சொல்லச் சிக்னல்காரருக்கு மட்டும்தான் அதிகாரம். நிறுத்து என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தெருவில் போகிறவர் சொன்னாலும் நிறுத்தியாக வேண்டும்.

"நிறுத்து" என்றார் நர்ஸம்மா.

கை நின்றது. தலை எங்கேயோ இருந்தாலும் கைக்கு வேலை தெரியும்.

"பிரேக் போட்டுட்டுக் கையை மடியில வைங்க. எல்லாரும் அந்தச் சுமைக்குக் கீழ இருந்து தள்ளிப் போங்க. மேனேஜர் சார், நீங்களும்தான். அவருக்குக் கோபம் இல்ல, சர்க்கரை இறங்கிடுச்சு. அண்ணே, மேல குளுக்கோஸ் இருக்கா?"

"சாப்பிட்டுட்டேன்."

"எப்ப?"

"நாலு மாசம் முந்தி."

அவர் ஒரு மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "வேற தித்திப்பா எதாவது? பழம், ஜூஸ்?"

ஒன்றுமில்லை. மதியச் சாப்பாடு இருந்தது. சர்க்கரை அளவுக்கு வேகமாக வேலை செய்யாது, இருந்தாலும் வருகிறவர் வரும் வரை நாலு வாய் போடுங்கள் என்றார். ஆனால் அது என் மனைவி மூடிய டப்பா. நல்ல திடத்தோடு இருக்கும்போதே அதைத் திறக்க எனக்கு முழங்காலும் வேண்டும். அன்று டப்பாவின் மேல் என் விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன.

கொக்கியில் கோப்பைகள் தொங்கியதால் அதில் கட்டி எதையும் மேலே அனுப்பவும் வழியில்லை. யாராவது ஏணியில் ஏறித்தான் வர வேண்டும். எதிர்வீட்டுக்காரர் தன் கிரேனைப் பூட்டிவிட்டு ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தார். நர்ஸம்மா அவரிடம் சர்க்கரை பார்க்கிற மீட்டரையும், ஒரு பாட்டில் கலர் சோடாவையும் கொடுத்து, "சர்க்கரை போடாத சோடாவைத் தூக்கிட்டுப் போயிடாதீங்க, இதுதான்" என்று சொல்லி அனுப்பினார். எதிர்வீட்டுக்காரர் ஏறிக்கொண்டிருந்த நேரமெல்லாம் நர்ஸம்மா வாக்கி-டாக்கியில் என்னை விடவில்லை.

"பேசிக்கிட்டே இருங்க அண்ணே. கண்ணை மூடாதீங்க. மேல இருந்து என்ன தெரியுது?"

"உங்க வீடு."

"எங்க வீட்டுல என்ன நடக்குது?"

"பால் பொங்குது."

"பொய். எங்க வீட்டுல பாலே கிடையாது."

"அப்ப பக்கத்து வீடு."

எதிர்வீட்டுக்காரர் கூண்டுக் கதவைத் திறந்தார். ஆறு வருடத்தில் முதல் முறையாக அவர் முகத்தைப் பக்கத்தில் பார்த்தேன். மீசை இருந்தது. தூரத்தில் அதை நான் நிழல் என்று நினைத்திருந்தேன். "விழுங்க முடியுதா" என்று கேட்டு, நான் தலையாட்டியதும் சோடாவை என் கையோடு சேர்த்துப் பிடித்துக் குடிக்க வைத்தார். மீட்டரில் ஐம்பத்தொன்று காட்டியது. எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது எண்பத்தெட்டு. கோப்பைகளும் இருபத்து நான்காகக் குறைந்துவிட்டிருந்தன.

"எந்திரிங்க" என்றார் அவர்.

எழுந்தேன். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைகளைத் தரையில் வைத்தார். ஒரு கோப்பைகூட முணுமுணுக்கவில்லை. நன்றாகத்தான் வைத்தார். அது எனக்குப் பிடிக்கவே இல்லை. பிறகு என் இடுப்பில் பெல்ட்டை மாட்டி, எனக்குக் கீழே ஒவ்வொரு படியாக அவரே முன்னால் இறங்கி, என்னைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

தரையைத் தொட்டதும் எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது. "சோறு சாப்பிட்டுட்டு மேல போறேன்" என்றேன்.

"போவீங்க, போவீங்க" என்றார் நர்ஸம்மா. "நீங்க குடிச்ச சோடா ஒரு மணி நேரம் தாங்கும். உள்ள இருக்கற ரெண்டு மாத்திரையும் நாள் பூரா வேலை செய்யும். மறுபடி இறங்கும். சாப்பிடுங்க, சாப்பிட்டதும் நேரா ஆஸ்பத்திரி."

அவர் சொன்னது நடந்தது. மூன்று மணிக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து நான் நன்றாக இருக்கிறேன் என்று பக்கத்துக் கட்டிலுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே வேர்க்க ஆரம்பித்தது. இந்த முறை ஊசி வழியாகச் சர்க்கரை ஏற்றினார்கள். மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் மனைவி மட்டும் போர்வையை இழுத்து என் கால் தெரியாமல் மூடினாள். பிறகு அதை எடுத்துவிட்டு மறுபடி மூடினாள்.

மச்சான் வீங்கிய கன்னத்தோடு வந்து, வாயில் பஞ்சு இருந்ததால் பேச முடியாமல் அழுதான். நோட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு, "டிக் இருந்திருந்தா நான் சொல்லியிருக்கவே மாட்டேன்" என்று உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் முறையிட்டார்.

மறுநாள் டாக்டர் வந்தார். கையில் இருந்த காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜன்னலோர வேலைன்னு சொன்னீங்க."

"ஜன்னல் இருக்குங்க. நாலு பக்கமும்."

"கிரேன்னு சொல்லியிருந்தா இந்த மாத்திரையை எழுதியிருக்கவே மாட்டேன். தானாச் சர்க்கரையைக் கீழ தள்ளாத மாத்திரை வேற இருக்கு. அதைக் கொடுத்திருப்பேன். நீங்களும் மேலயே இருந்திருப்பீங்க." அவர் கோபமாகப் பேசவில்லை, அதுதான் தொந்தரவாக இருந்தது. "நாற்காலி போயிடும்னு மறைச்சீங்க. மறைச்சதாலதான் போச்சு. மூணு மாசம் மேல ஏறக் கூடாது. புது மாத்திரையில தினம் சர்க்கரை பாத்து எழுதிட்டு வாங்க, பாக்கலாம்."

"பாக்கலாம்னா எந்திரிச்சு ஏறலாமா, இல்ல சும்மா பாக்கலாமா?" என்று என் மனைவி கேட்டாள். எனக்காகக் கேட்டாளா தனக்காகக் கேட்டாளா என்று இன்றுவரை தெரியாது.

மூன்று மாதம் தரையில் வேலை செய்தேன். மச்சான் பக்கத்தில் நின்று, என் நாற்காலியில் உட்கார்ந்த இன்னொருவருக்கு மேலே, கீழே என்று சொன்னேன். கழுத்து அப்படியே மேல்நோக்கி நின்றுவிட்டது. வீட்டில் சாப்பிடும்போது தட்டை என் மனைவி உயர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. பத்தாம் மாடிக்குக் குழாய் வந்தது. கம்பி கட்டுகிறவர்கள் ஒரு குழுவாக என்னிடம் வந்து, கேண்டீனுக்கு ரெண்டு ஃபேன் வேணும், இன்னொரு தடவை முடியுமா அண்ணே என்று விசாரித்தார்கள். நர்ஸம்மா அவர்களை முதலுதவி அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்தவர்கள் அதன் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

தினமும் காலை, இரவு என்று மீட்டர் பார்த்து எழுதினேன். மாத்திரைக்கு ஏழு குழி வைத்த டப்பா ஒன்று வாங்கினோம், கிழமைக்கு ஒரு குழி. செவ்வாய்க் குழி காலியாக இருந்தால் செவ்வாய் போட்டாயிற்று. சிக்னலும் வேண்டாம், ஞாபகமும் வேண்டாம்.

மூன்று மாதம் முடிந்த அன்று, காகிதங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு நாள்கூட எழுபதுக்குக் கீழே இல்லை. புது மாத்திரையை ஒரு நாளாவது ரெண்டாகப் போட்டேனா, ஒரு வேளையாவது பட்டினி கிடந்தேனா என்று குறுக்கும் நெடுக்குமாகக் கேட்டார். இல்லை என்றேன். என் மனைவியையும் பார்த்தார். இல்லை என்று அவளும் சொன்னாள். என் வார்த்தையை அவர் எழுதவில்லை, அவள் வார்த்தையை எழுதினார்.

பிறகு பேனாவை மூடிவிட்டு, "இந்தத் தடவை நான் வந்து பாத்துட்டுத்தான் கையெழுத்து. நீங்க ஜன்னல்னு சொன்னதை ஒரு தடவை நம்பினேன், போதும்" என்றார்.

சொன்னபடி அடுத்த வாரம் சைட்டுக்கு வந்தார். ஹெல்மெட் கொடுத்தோம். கிரேன் அடியில் நின்று மேலே பார்த்தார், ஹெல்மெட் பின்னால் விழுந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை கையில் வைத்துக்கொண்டே பார்த்தார்.

"அந்தக் கூண்டுக்குள்ளயா?"

"ஆமாங்க. காத்து நல்லா இருக்கும். வாங்க, மேல மேஜை இருக்கு, அங்க வச்சே கையெழுத்துப் போடலாம்."

அவர் ஏணியின் முதல் படியில் ஒரு கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு எடுத்தார். சட்டைப் பையில் இருந்து காகிதத்தை விரித்து, அதில் தன் கையால் இரண்டு வரி கூடுதலாக எழுதினார். தினமும் ஏறுவதற்கு முன் மீட்டர் பார்த்துக் காட்ட வேண்டும், கூண்டில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை நர்ஸம்மா எண்ண வேண்டும்.

"திரும்புங்க" என்றார்.

திரும்பினேன். என் முதுகில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அழுத்தமான கை, பேனா சட்டையைத் தாண்டி உறைத்தது. காகிதத்தை நான் மடித்துப் பையில் வைப்பதற்குள் மேலே என் நாற்காலியில் இருந்தவர் இறங்க ஆரம்பித்திருந்தார். அவர் இறங்கி முடிக்கும்வரை பொறுமையாக நின்றேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பாதி ஏணியில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு கடந்தோம்.